மாத்தூரைத் தாண்டினால் மலேசியா!

இரவு ஒன்பது மணி. புதுக்கோட்டையை ஒட்டிய திருக்கோகர்ணத்தில் ஒரு வீட்டு வாசலில் வாடகைக் கார் வந்து நிற்கிறது. அந்த வீட்டு மகன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறான். அவன் விமானம் ஏறுவது இதுதான் முதல் தடவை.

தாய் அவன் நெற்றியில் அம்மன் கோவில் குங்குமத்தை இடுகிறாள். தங்கை தண்ணீர்ப் பாட்டிலை நீட்டுகிறாள். தகப்பனார் பெட்டியைத் தூக்கிக் காரில் வைக்கிறார்.

"பாஸ்போர்ட்டை எடுத்துக்கிட்டியாடா?"

"எடுத்துக்கிட்டேன்ப்பா. இதோடு நாலு தடவை கேட்டுட்டீங்க!"

கார் கிளம்புகிறது. கீரனூர் வருகிறது, போகிறது. மாத்தூர் வருகிறது, போகிறது. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில், இருட்டுக்கு நடுவே விளக்கு வெள்ளம்! அதுதான் திருச்சி சர்வதேச விமான நிலையம்.

விமான நிலையத்துக்குப் பெயர்தான் திருச்சி. அது இருப்பதோ புதுக்கோட்டைக்குப் போகும் நெடுஞ்சாலையில்! நகரத்தின் தெற்கே, சுமார் 5 கிலோ மீட்டரில் இருக்கிறது. ஆகவே புதுக்கோட்டைக்காரர்கள் திருச்சி ஊருக்குள் நுழையாமலே விமானம் ஏறி விடலாம். மாத்தூரைத் தாண்டினால் மலேசியா என்று வேடிக்கையாகச் சொன்னாலும் அது பொய் ஆகாது.

ஆனால் அந்த வாசலுக்குள் நுழைந்த பிறகு என்ன நடக்கிறது? எந்த ஜன்னலில் என்ன கேட்கிறார்கள்? இது தெரியாமல் தவிப்பவர்கள் பலர். தெரியாததால் ஏமாந்தவர்களும் உண்டு. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

கப்பலில் ஒரு வாரம்

நம் தாத்தா காலத்தில் மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலில்தான் போனார்கள். "ரஜூலா" என்ற கப்பலை அறியாத குடும்பம் அன்று குறைவு. 1926-ல் ஓடத் தொடங்கிய அந்தக் கப்பல் சென்னையில் புறப்பட்டு, நாகப்பட்டினத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு, பினாங்கு, சிங்கப்பூர் வரை போகும். பிரயாணம் ஏறக்குறைய ஒரு வாரம். 1973-ல் அதன் பிரயாணிகள் சேவை முடிந்தது. அடுத்து வந்த "சிதம்பரம்" கப்பலும் 1985-ல் தீ விபத்துக்குப் பிறகு நின்றுவிட்டது.

இன்று திருச்சியில் ஏறினால் சுமார் 4 மணி நேரத்தில் சிங்கப்பூர்! கோலாலம்பூரும் துபாயும் ஏறக்குறைய அதே நேரம்தான்.

திருச்சி விமான நிலையம் புதியது என்று நினைக்க வேண்டாம். 1930-களின் பிற்பகுதியிலேயே, கராச்சியிலிருந்து கொழும்புக்குத் தபால் சுமந்து சென்ற டாட்டா விமானங்கள் வழியில் திருச்சியில் இறங்கிச் சென்றன. இரண்டாவது உலக யுத்தத்தின்போது போர் விமானங்கள் இங்கே வந்து போயின.

2012 அக்டோபரில் இதற்குச் "சர்வதேச விமான நிலையம்" என்ற அந்தஸ்து கிடைத்தது. கூட்டம் பெருகியது. பழைய கட்டடம் போதவில்லை. 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் புதிய கட்டடம் எழுந்தது. 2024 ஜனவரி 2-ந் தேதி பிரதமர் மோடி அதைத் திறந்து வைத்தார். 2024 ஜூன் 11 முதல் பிரயாணிகள் அதில் போய் வருகிறார்கள்.

ஆண்டுக்கு 44 லட்சம் பேர் வந்து போகும் அளவுக்கு அது கட்டப்பட்டிருக்கிறது. கூட்டம் மிகுந்த நேரத்தில் 3,500 பேரைச் சமாளிக்கும். ஸ்ரீரங்கம் கோபுரத்தின் வண்ணங்கள் கட்டடம் முழுவதும் இறைந்து கிடக்கின்றன. கோலங்களும் உண்டு. முதல் தடவை வரும் கிராமத்துத் தாய்கூட, "நம்ம ஊர்க் கோவில் மாதிரி இருக்கே!" என்று சொல்லலாம்.

முதல் வாசல்

சரி, உள்ளே போவோம்.

வாசலில் நிற்பவர்கள் மத்திய தொழில் பாதுகாப்புப் படையினர். டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் பார்ப்பார்கள். டிக்கெட் உள்ளவர்களுக்குத்தான் உள்ளே அனுமதி. வழியனுப்ப வந்தவர்கள் வெளியே நின்றுவிட வேண்டும். ஆகவே சொல்ல வேண்டியதை வாசலுக்கு முன்பே சொல்லி விடுங்கள். கொடுக்க வேண்டியதை அங்கேயே கொடுத்து விடுங்கள்.

வெளிநாட்டு விமானம் என்றால் புறப்படுவதற்கு 3 மணி நேரம் முன்னதாகவே வந்துவிடுவது நல்லது. குறைந்தது ஒரு மணி நேரம் முன்பே சாமான் வாங்கும் ஜன்னலை மூடி விடுவார்கள். பிறகு அழுதாலும் திறக்க மாட்டார்கள். பஸ்ஸுக்கு ஓடுவதுபோல் விமானத்துக்கு ஓட முடியாது.

இங்கே ஒரு முக்கியமான சமாசாரம். டிக்கெட்டில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நம் ஊரில் பெயருக்கு முன்னால் "எஸ்." என்றோ "மு." என்றோ இனிஷியல் போடுவது வழக்கம். பாஸ்போர்ட்டில் இனிஷியல் கிடையாது. தகப்பனார் பெயர் முழுசாக இருக்கும். டிக்கெட்டை வீட்டில் கூப்பிடும் பெயரில் எடுத்துவிட்டு, ஜன்னலில் நின்று விழிப்பவர்கள் உண்டு. டிக்கெட் கைக்கு வந்த உடனே பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து, எழுத்து எழுத்தாக ஒத்துப் பாருங்கள்.

வயதானவர்கள் தனியாகப் பிரயாணம் செய்கிறார்களா? டிக்கெட் வாங்கும்போதே சொல்லிவைத்தால் சக்கர நாற்காலிக்கு ஏற்பாடு செய்வார்கள். விமானம் வரை தள்ளிக்கொண்டு போய் விடுவார்கள்.

பெட்டிக்குள் இருக்கும் ஆபத்து

பெட்டி கட்டுவது எப்போதும் வீட்டுப் பெண்கள்தான். பாசத்தில் என்னென்னவோ வைத்து விடுகிறார்கள். கொஞ்சம் கவனம் தேவை.

ஊறுகாயா? பெரிய பெட்டியில் வையுங்கள். கையில் கொண்டுபோகும் பையில் 100 மில்லி லிட்டருக்கு மேல் எந்தத் திரவமும் கூடாது. நெய்யும் எண்ணெயும் இதில் அடக்கம்.

கொப்பரைத் தேங்காயா? வேண்டாம். அதில் உள்ள எண்ணெய் தீப்பிடிக்கக் கூடியது என்பதால் 2022 முதல் அதைப் பெட்டியில் வைக்கத் தடை உண்டு.

செல்போனுக்கு மின்சாரம் ஏற்றும் பவர் பேங்க்? இதைப் பெரிய பெட்டியில் வைக்கக் கூடாது. கைப்பையில்தான் வைக்க வேண்டும். சூடேறிப் புகைந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? அதற்காகத்தான்.

கசகசா? இதைக் கேட்டால் பலருக்குத் திடுக்கென்று இருக்கும். நம் அடுக்களையில் குருமாவுக்கு அரைக்கிற அதே கசகசாவுக்கு அரபு அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் தடை இருக்கிறது. அது அபினிச் செடியின் விதை. அங்கே அது போதைப்பொருள் வழக்காக முடியும். மசாலாப் பொடி அரைத்துக் கொடுக்கும் தாய்மார்கள் இதை மறக்கவே கூடாது.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து, பிறர் கொடுக்கும் பொட்டலம். "என் தம்பி அங்கே இருக்கான், இதை மட்டும் கொடுத்துடு" என்று யாராவது சொன்னால், பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். முன்பின் தெரியாதவர் கொடுத்தால் வாங்கவே வாங்காதீர்கள். சிங்கப்பூரில் போதைப்பொருள் கடத்தினால் தூக்குத் தண்டனைகூட உண்டு. "எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்புவது எளிதில்லை.

முத்திரை குத்தும் ஜன்னல்

சாமானைக் கொடுத்தாயிற்று. அடுத்தது குடியேற்ற இலாகா. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவது இங்கேதான்.

முன்பெல்லாம் இந்த இடத்தில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் கெஞ்சிக்கொண்டு நிற்பார்கள். வெளிநாடு போகும் இந்தியர்களுக்கு அந்தப் படிவம் 2017 ஜூலை 1 முதல் கிடையாது.

ஆனால் கேள்விகள் உண்டு. "எங்கே போகிறாய்? என்ன விசா? என்ன வேலை?"

பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் "குடிபெயர்வுச் சோதனை தேவை" என்ற குறிப்பு பொதுவாக இருக்கும். அவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உள்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமானால் அரசாங்க அனுமதி வாங்க வேண்டும். இதை ஒரு தொந்தரவு என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மையில் இது வேலைக்குப் போகிறவனுக்குப் பாதுகாப்பு. வேலை கொடுப்பவர் யார், சம்பளம் எவ்வளவு என்று எல்லாம் பதிவாகிவிடும். கூடவே இன்ஷூரன்ஸும் உண்டு. இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய் கட்டினால் போதும். விபத்தில் உயிர் போனாலோ, உடல் முடங்கினாலோ 10 லட்சம் ரூபாய் கிடைக்கும்.

ஏஜெண்டுகள் சிலர் இந்த அனுமதியைத் தவிர்க்கக் குறுக்கு வழி சொல்கிறார்கள். "இப்போ சுற்றுலா விசாவில் போ. அங்கே போனதும் மாற்றிக்கலாம்" என்பார்கள். நம்பாதீர்கள்! சுற்றுலா விசாவில் வேலை செய்தால் அந்த நாட்டில் அது குற்றம். சம்பளம் தராவிட்டால் கேட்க முடியாது. அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஆள் இல்லை. பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டாலும் போலீசுக்குப் போகப் பயம். கடன் வாங்கிக் கொடுத்த பணமும் போய், மகனும் மாட்டிக்கொள்வான்.

அரசாங்கத்தில் பதிவு செய்த ஏஜெண்டு வாங்கலாம் என்று விதிக்கப்பட்டிருக்கும் கட்டணம் 30,000 ரூபாய், அதோடு வரி. இதற்கு மேல் லட்சக்கணக்கில் கேட்டால் அங்கேயே சந்தேகம் வர வேண்டும். பதிவு செய்த ஏஜெண்டுகளின் பெயர்கள் மத்திய அரசாங்கத்தின் "இ-மைக்ரேட்" இணையதளத்தில் இருக்கின்றன. படித்த பிள்ளை ஒருவனிடம் சொன்னால் ஐந்து நிமிஷத்தில் பார்த்துச் சொல்லி விடுவான்.

தமிழில் வரும் கடிதம்

சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த நாட்டு அரசாங்கத்திடமிருந்து முன்கூட்டியே ஓர் அனுமதிக் கடிதம் வரும். "ஐ.பி.ஏ." என்று சொல்வார்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படி எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று எல்லாம் அதில் எழுதியிருக்கும். அந்தக் கடிதம் தொழிலாளியின் தாய்மொழியிலும் கிடைக்கும். அதாவது தமிழில்! அதை அவன் ஊரை விட்டுப் புறப்படுவதற்கு முன்பே முதலாளி அனுப்பிவைக்க வேண்டும்.

பலர் அதைப் படிப்பதே இல்லை. ஏஜெண்டு வாயால் சொன்ன சம்பளத்தை நம்பிப் போகிறார்கள். அங்கே போய் வேறு தொகை கிடைக்கும்போது தலையில் அடித்துக்கொள்கிறார்கள்.

இதில்தான் புதுக்கோட்டைப் பெண்களை நினைத்துப் பார்க்க வேண்டும். 1991-ல் இந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. கல் உடைத்த பெண்களும், களை எடுத்த பெண்களும் இரவில் விளக்கடியில் உட்கார்ந்து எழுத்துக் கற்றார்கள். அதோடு சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொண்டார்கள். ஊரே வியந்தது.

அன்று "அ, ஆ" எழுதிய அந்தத் தாய்மார்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று விமானம் ஏறுகிறார்கள். அந்த எழுத்து இப்போது உபயோகப்பட வேண்டும். மகனின் கடிதத்தை வாங்கி, சம்பளம் என்ற இடத்தில் விரலை வைத்துத் தாயே வாசிக்க வேண்டும். ஏஜெண்டு சொன்ன தொகையும் அதுவும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். ஒன்றாக இல்லாவிட்டால், விமானம் ஏறுவதற்கு முன்பே கேட்டு விடலாம். விமானம் ஏறிய பிறகு கேட்பது மிகவும் கஷ்டம்.

அந்த இரண்டரை மணி நேரம்

விமானப் பிரயாணம் என்றால் சிலருக்குப் பயம். "நடுவானில் ஏதாவது ஆகிவிட்டால்?" என்று கேட்பார்கள். திருச்சியில் நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்கிறோம்.

2018 அக்டோபரில் ஒரு நள்ளிரவு. 136 பேருடன் துபாய்க்குப் புறப்பட்ட விமானம் மேலே ஏறும்போது விமான நிலையத்தின் சுற்றுச்சுவரில் இடித்துவிட்டது. சுவர் உடைந்தது. விமானத்தின் அடிப்பக்கம் சேதமானது. ஆனாலும் விமானம் பறந்தது. அதை மும்பைக்குத் திருப்பி இறக்கினார்கள். ஒருவருக்கும் ஆபத்து இல்லை.

2024 அக்டோபர் 11. அன்று ஆயுத பூஜை. மாலை 5.40 மணி அளவில் 141 பிரயாணிகளுடன் சார்ஜாவுக்குப் புறப்பட்ட விமானத்தில், ஏறிய சற்று நேரத்தில் இயந்திரக் கோளாறு தெரிந்தது. சக்கரம், பிரேக் முதலியவற்றை இயக்க உதவும் திரவ அழுத்த அமைப்பில் பழுது. உடனே இறக்கலாம் என்றால் வயிறு நிறைய எரிபொருள். அவ்வளவு கனத்தோடு இறங்குவது ஆபத்து. அந்த ரக விமானத்தில் எரிபொருளை வானத்தில் கொட்டிவிடவும் வசதி கிடையாது. எரித்துத்தான் தீர்க்க வேண்டும்.

ஆகவே விமானம் திருச்சி, புதுக்கோட்டை வட்டாரத்து வானத்தில் வட்டமடித்தது. ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டு மணி நேரம் ஆயிற்று. கீழே தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்ஸ்களும் வரிசையாக நின்றன. செய்தி பரவி, தமிழ்நாடே டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்துவிட்டது. வீட்டுக்கு வீடு பிரார்த்தனை!

இரவு சுமார் 8.15 மணிக்கு விமானம் பத்திரமாகத் தரையைத் தொட்டது. 141 பேரும் நடந்தே இறங்கினார்கள்.

அன்று அவர்களைக் காப்பாற்றியது என்ன? பதறாத விமானிகள், மேலே உள்ள விமானத்துக்கு வழி சொல்லும் கட்டுப்பாட்டுக் கோபுரத்தினர், வண்டியோடு தயாராக நின்ற தீயணைப்பு வீரர்கள். விமான நிலையத்தில் தீ என்று மணி அடித்தால் 3 நிமிஷத்துக்குள் தீயணைப்பு நுரையைப் பீச்சத் தயாராக வேண்டும் என்பது சர்வதேச விதி. இந்தச் சிப்பந்திகளைப் பிரயாணிகள் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை.

திரும்பி வரும்போது

வேலை முடிந்து ஊர் திரும்பும் நாள் வருகிறது. மகிழ்ச்சியான நாள்! இங்கே நிற்பவர்கள் சுங்க இலாகா அதிகாரிகள்.

பச்சை வழி, சிவப்பு வழி என்று இரண்டு உண்டு. வரி கட்ட வேண்டிய பொருள் இல்லாதவர்கள் பச்சை வழியில் போகலாம். இருந்தால் சிவப்பு வழியில் போய்ச் சொல்லி, வரி கட்டிவிட வேண்டும். ஒரு வருஷத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர் தங்க நகை கொண்டுவர அளவு உண்டு. பெண்ணுக்கு 40 கிராம். ஆணுக்கு 20 கிராம். அதாவது பெண்ணுக்கு 5 பவுன். ஆணுக்கு இரண்டரை பவுன். அதற்கு மேல் என்றால் மறைக்காமல் சொல்லிவிடுவதே மேல்.

"டிக்கெட் இலவசம். இந்தப் பொருளை மட்டும் திருச்சியில் கொண்டுபோய்க் கொடு" என்று ஆசை காட்டுவார்கள். இப்படிச் சுமந்து வருகிறவர்களுக்குக் "குருவி" என்று பெயர். பிடிபட்டால் குருவிதான் கூண்டுக்குள் போகும். சுமக்கச் சொன்னவன் வெளியே இருப்பான்.

பெட்டி வரவில்லையே!

எல்லாரும் தங்கள் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். உங்கள் பெட்டி மட்டும் வரவில்லை. என்ன செய்வது?

திருக்கோகர்ணத்து மக்களுக்கு இதற்கு ஒரு வழி தெரியும். அங்கே குடைவரைக் கோவிலில் எழுந்தருளியிருக்கும் பிரகதாம்பாள், தொண்டைமான் மன்னர்களின் குலதெய்வம். மன்னர்கள் அம்மன் உருவம் பொறித்து அடித்த சின்னச் செப்புக் காசுதான் அம்மன் காசு. அதனால் அவளுக்கு "அரைக்காசு அம்மன்" என்று பெயர் வந்தது. பொருள் தொலைந்தால் அரைக்காசு அம்மனுக்கு வெல்லம் வைத்து வேண்டிக்கொள்வார்கள். கிடைத்துவிடும் என்பது நம்பிக்கை.

வேண்டிக்கொள்ளுங்கள். கூடவே ஒன்று செய்யுங்கள். அந்தக் கூடத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே விமானக் கம்பெனி ஜன்னலில் புகார் எழுதிக் கொடுத்து, நகல் வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டியைக் கொடுத்தபோது ஒரு சிறு சீட்டு ஒட்டித் தந்தார்களே, அது அப்போது வேண்டும். அதைத் தூக்கி எறிந்து விடாதீர்கள். பெட்டி உடைந்திருந்தால் 7 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தாமதமாக வந்தால், கையில் கிடைத்ததிலிருந்து 21 நாளுக்குள் நஷ்டஈடு கேட்கலாம். இது சர்வதேச ஒப்பந்தம். அம்மனிடம் வேண்டுதல், ஜன்னலில் புகார். இரண்டும் வேண்டும்!

கண்ணீரோடு ஒரு வாசல்

இந்த விமான நிலையத்தில் சரக்குகளுக்குத் தனி வாசல் இருக்கிறது. நம் ஊர்க் காய்கறிகளும் பூக்களும் அந்த வழியாகத்தான் வெளிநாடு போகின்றன.

அதே வழியாகச் சில சமயம் ஒரு நீளமான பெட்டியும் வருகிறது. வேலைக்குப் போன இடத்தில் இறந்துபோன மகனின் உடல். வெளியே உறவினர்கள் நின்று அழுவார்கள். அந்த வேதனையிலும் காகிதம் கேட்கத்தான் செய்வார்கள். மரணச் சான்றிதழ், உடலைப் பதப்படுத்திய சான்றிதழ், இந்தியத் தூதரகத்தின் கடிதம், ரத்து செய்த பாஸ்போர்ட் — இவை நான்கும் இருந்தால்தான் உடல் விமானம் ஏறும். முறையான விசாவில் போனவனுக்கு இவை சீக்கிரம் கிடைக்கும். முறைகேடாகப் போனவனின் குடும்பம் காத்துக் கிடக்க வேண்டியிருக்கும். அப்போது இன்ஷூரன்ஸ் சீட்டும் இல்லையென்றால், அழுவதைத் தவிர வேறு வழி இல்லை.

ஆகவேதான் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். புறப்படுவதற்கு முன்பு பாஸ்போர்ட், விசா, வேலைக் கடிதம், இன்ஷூரன்ஸ் சீட்டு எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வீட்டில் வையுங்கள். அரிசிப் பானைக்குள் வைப்பீர்களோ, பீரோவில் வைப்பீர்களோ, வீட்டில் உள்ள எல்லாருக்கும் அந்த இடம் தெரிய வேண்டும்.

திருக்கோகர்ணத்துத் தாய் மகனை வழியனுப்பிவிட்டு வீடு திரும்புகிறாள். நள்ளிரவு தாண்டிவிட்டது. தூக்கம் வரவில்லை. வாசலில் வந்து நின்று வானத்தைப் பார்க்கிறாள். தூரத்தில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கி மினுக்கிப் போகிறது.

மகன் போகும் விமானம் அதுதானா? அவளுக்குத் தெரியாது. ஆனால் அவன் என்ன வேலைக்குப் போகிறான், யாரிடம் போகிறான், மாதச் சம்பளம் எவ்வளவு என்பது அவளுக்குத் தெரியும். கடிதத்தை அவளே படித்திருக்கிறாள்.

அந்தத் தைரியத்தில் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கப் போகிறாள்.